சத்தம் போடாத டிரைவர்

அக்காவுக்குக் கை இரண்டும் விளங்காமல் போனபின், கதைப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது அத்தானின் வேலையாயிற்று. வேன் ஓட்டிவிட்டு அலுத்து வந்தாலும் முகம் சுளிக்காமல்தான் புரட்டினார். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒருவரைக் கூப்பிட அக்காவுக்குக் கூச்சம். கடைசியில் படிப்பதையே விட்டுவிட்டாள். புத்தகம் இல்லாத அக்கா பாதி அக்கா. தங்கைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தங்கை தையல் மெஷின் ரிப்பேர் செய்பவள். கால்விரலால் பொத்தானை அழுத்தினால் பக்கம் புரளும்படி ஒரு கருவி செய்தாள். அதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார். அதை அடியடியாக நகர்த்த, மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஒரு டிரைவர் போர்டு வேண்டும். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கடையிலிருந்ததிலேயே தடித்ததை வாங்கிவந்தாள். குருவி தலையில் பனங்காய் வைத்த கதையாயிற்று. மோட்டாரோ அரை ஆம்பியர்கூடத் தாங்காத பொடிசு. போர்டு ஆகக் குறைவாகக் கொடுத்த மின்சாரமே அதைப்போல் இரண்டு மடங்கு. மோட்டார் தொட்டால் சுட்டது, கரகரவென்று கத்தியது, வெடுக்கென்று இழுத்து மூன்று பக்கத்தைச் சேர்த்துப் புரட்டியது.

"எனக்காக ஏன்டி மெனக்கெடற, விடு" என்றாள் அக்கா. அந்த 'விடு'தான் தங்கையைத் தைத்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் குமுறினாள். "இந்த டிரைவர் நமக்குச் சரிப்படாதுங்க. சீக்கிரம் சூடாகுது, ஓயாம சத்தம் போடுது. சின்னதா, அமைதியா ஒண்ணு வேணும்."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தான் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. அவரும் டிரைவர்தானே. அன்று முழுக்க மனுஷர் உம்மென்றே இருந்தார். சாப்பிடும்போது பொறுக்கமாட்டாமல், "நான் எப்பம்மா சத்தம் போட்டேன்?" என்று கேட்டேவிட்டார். விஷயம் புரிந்ததும் தங்கைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் அவரே போய்ப் புதிய போர்டை வாங்கிவந்தார்.

இது மோட்டாருக்கு ஏற்ற டிரைவர். ஒவ்வோர் அடியையும் பொடிப்பொடியாகப் பிரித்து நகர்த்தும். அதிலிருந்த குட்டித் திருகைத் திருப்பி, மோட்டார் தாங்குமளவுக்கு மின்சாரத்தை மட்டுப்படுத்தினாள். கருவியை அக்கா முன் வைத்தாள். பக்கத்தில் ஆள் நின்றால் அக்கா கூசுவாள் என்று அத்தானையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இருவரும் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. போச்சு, இதுவும் சரிப்படவில்லை என்றே தங்கை நினைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஒரே ஒரு தாள் மெல்ல எழும்பி மறுபக்கம் சாய்ந்தது.

"ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுப் போங்க. நல்ல கட்டத்துல இருக்கேன்."

கதவைச் சாத்திவிட்டு, அப்பாடா என்று இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.