வரி கேட்டுப் போன மாப்பிள்ளை

1

மீனலோசனி முதலிலேயே ஒப்புக்கொள்கிறாள்: இந்தக் கதை அவளுடைய கற்பனை அல்ல. எண்பத்தாறாம் ஆண்டு, புங்குடுதீவில் ஒரு கலியாண வீட்டில், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்த மலாயாப் பென்சன்காரர் இளையதம்பி வாய்தவறிக் கொட்டியது. “எழுதும், பிள்ளை. ஆனால் என்ரை மனிசிக்குத் தெரியக் கூடாது” என்றார். எழுதுகிறவளிடம் போய் இப்படிச் சொல்லலாமா?

2

‘பினாங்குத் துறைமுகத்தில் மழை...’

(வேண்டாம். மழையில் தொடங்காத மலாயாக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

‘1941. சண்டைச் செலவுக்காக வெள்ளைக்காரன் மலாயாவில் வருமான வரி போட்டான்.’ இது பரவாயில்லை. இளையதம்பி வேலை பார்த்த ஈப்போ முழுக்க ஒரே கூப்பாடு. ஆளாளுக்கு வருமானத்தைக் குறைத்துச் சொல்ல வழி தேடினார்கள். இளையதம்பிக்கு மட்டும் வேறு தலையிடி. ஊரிலிருந்த பரிமளத்தைக் கலியாணம் பேசும்போது, நம் ஊர் வழக்கப்படி, தரகர் மாப்பிள்ளையின் சம்பளத்தை இரண்டு மடங்காக்கிவிட்டிருந்தார். பெண்ணின் தமையன் செல்வரத்தினமோ ஈப்போவில் அந்த வரியை வாங்கும் கந்தோரிலேயே கிளாக்கர்! இளையதம்பியின் உண்மைச் சம்பளத்துக்கு வரியே கிடையாது. வரி இல்லையென்றால் குட்டு வெளிப்படும், பரிமளமும் இல்லை.

(படத்தில் மட்டும் பார்த்த பெண்ணுக்காக ஒருவன் இவ்வளவு பாடுபடுவானா? மீனலோசனிக்குச் சந்தேகம். அந்தப் படத்தை அவர் காட்டினார். படுவான்.)

3

இளையதம்பி நேரே வரிக் கந்தோர் வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றார்.

“துரை, எனக்கும் வரி போடவேணும்.”

“உன் சம்பளத்துக்கு வரி இல்லையே!”

“பரவாயில்லைத் துரை, கொஞ்சமாவது போடுங்கோ.”

துரை கதிரையோடு ஆடி ஆடிச் சிரித்தார். ஆனால் வரி மட்டும் போடவில்லை. கதவடியில் நின்ற செல்வரத்தினத்துக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

முடிவு ஒன்று: ‘சம்பந்தம் முறிந்து, இளையதம்பி கடைசிவரை தனியாக...’

(அடித்துவிட்டாள். அப்படியென்றால் கலியாண வீட்டில் அவருக்குப் பாயசம் வேண்டாமென்று அதட்டியது யார்?)

நடந்தது இது. செல்வரத்தினம் அவர் தோளில் கைபோட்டு, “என்ரை தங்கச்சிக்காக வலியப் போய் வரி கேட்டனீர். இனிச் சம்பளத்தை ஆர் பாக்கிறது?” என்றார். மாப்பிள்ளை, இங்கிலாந்து ராசாவுக்கே வரி கட்டுகிற ஆள் என்று ஊருக்கும் சொல்லியனுப்பினார்.

4

இங்கேதான் மீனலோசனி மாட்டிக்கொண்டாள். இத்தனை வருடமும் பரிமளம் மாமி அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துவிட்டார். கதை எழுதுகிற சங்கதி காதுக்கு எட்டி, இதோ, வாசலில் வந்து நிற்கிறார். மேலே உள்ளதை இன்னும் வாசிக்கவில்லை.

“பிள்ளை, அவர் வரி கட்டின மனிசன் எண்டு மறக்காமல் போட்டனீரோ?”

மாமிக்குப் பின்னால் இளையதம்பி, இந்த வயதில், இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

மீனலோசனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொய் சொல்லவும் மனமில்லை. வாசகரே, மாமிக்கு நீங்களே சொல்லுங்கள், ஓமா, இல்லையா? கெதியாய்ச் சொல்லுங்கள். மனிசனுக்குக் கை உளையத் தொடங்கிவிட்டது.