மறிக்கப்பட்ட அழைப்புகள்

நிப்லாவின் புது வகுப்பாசிரியை கீர்த்தனி டீச்சர் மூன்று நாளாக அந்தப் பிள்ளையின் போனுக்கு எடுத்துப் பார்க்கிறாராம், பிள்ளை எடுப்பதேயில்லையாம். பாடசாலை வாசலில் மறித்து அவர் சொன்னபோதுதான், பழுது எதுவென்று தகப்பன் ஸஜ்ஜாத்துக்கு ஞாபகம் வந்தது. பூட்டு வைத்தவனே அவன்தானே.

போன வருடம் எவனோ ஒரு காவாலி நிப்லாவின் இலக்கத்தைப் பிடித்து, நேரங்காலம் இல்லாமல் எடுத்துத் தொல்லை கொடுத்தான். ஸஜ்ஜாத் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிற கிரேன்காரன், கோபம் மூக்குநுனியில். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் செயலி ஒன்றைத் தன் போனில் ஏற்றி, பெயர் பதிந்த இலக்கங்கள் தவிர வேறெதுவும் மகளுக்கு வரக்கூடாது என்று பூட்டிவிட்டான். யாருக்கும் சொல்லவில்லை, மனைவி லைலாவுக்குக்கூட. சொன்னால் மகள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள், தாய் மகளுக்குப் பரிந்து பேசுவாள், வீடு இரண்டுபடும். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

லைலா மௌத்தாகி இரண்டு மாதமாகிறது. நெஞ்சு நோவென்று துடித்தவளைப் பக்கத்து வீட்டு பஹ்மியா, அழுத நிப்லாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் ஏற்றிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவசரத்தில் லைலாவின் போன் குசினி அடுப்படியிலேயே கிடந்துவிட்டது, பஹ்மியாவும் தன்னுடையதை எடுக்கவில்லை. ஸஜ்ஜாத் கப்பலடியில் நின்றான்; வேலை நேரத்தில் அங்கே போன் வைத்திருக்க ஏலாது. செய்தி கேட்டு அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து நிப்லா ஒரு கதையையே பிடித்துக்கொண்டிருந்தாள். உம்மா கடைசிவரை தன்னைத் தேடவேயில்லையாம். யார் போனையாவது வாங்கி ஒரு தரம் எடுத்திருக்கலாமாம். பதினைந்து வயதுப் பிள்ளை, அழுகையை விழுங்கி விழுங்கிப் பாதியாகிப் போனாள்.

டீச்சர் சொன்னதற்கு மறுநாள், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, ஸஜ்ஜாத் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து செயலியைத் திறக்கப் பார்த்தான். இரகசிய இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அடித்தான். மூன்றாந்தரம் திறந்தது. பூட்டு எந்த மூலையில் இருக்கிறதென்று தேடித் தடவிக்கொண்டு போனபோது, ‘மறிக்கப்பட்ட அழைப்புகள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. மேலே டீச்சரின் இலக்கம். அதற்குக் கீழே வேறொரு இலக்கம், ஆறு தரம். திகதியைப் பார்த்தான். லைலா மௌத்தான நாள். முதல் அழைப்பு பகல் இரண்டு பத்துக்கு, கடைசி அழைப்பு மூன்றரைக்கு.

அந்த இலக்கத்துக்கு எடுத்தான். கந்தளாயிலிருந்து பூரணி என்றொரு பெண் பேசினாள். அன்று லைலாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள் அவள்.

“ஓம், உங்கட மனிசி என்ர போனை வாங்கித்தான் எடுத்தவ. பிள்ளை எடுக்கேல்ல. அழுது களைச்சு நித்திரையாயிருப்பாள், எழுப்பக் கூடாது எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பித் தந்தவ.”

ஸஜ்ஜாத் திரும்பச் செயலிக்குள் போய்ப் பூட்டைத் தேடிப் பிடித்தான். பூட்டை எடுத்தால் பட்டியலும் அழிந்துவிடும் என்று திரையில் எழுதியிருந்தது. ஒரேயொரு தட்டு. டீச்சருக்கும் வழி திறக்கும், தன் குற்றமும் காற்றோடு போய்விடும். ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். விரலைக் கிட்டக் கொண்டும் போனான். ஆனால் தாய் தன்னை நினைக்கவேயில்லை என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை உள்ளே கிடக்கிறாள். அந்தப் பாரத்தை ஆயுள் முழுக்க அவள் தலையில் ஏற்றிவிட்டு, தான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன ஏலுமா என்று யோசித்தான்.

மகளைக் கூப்பிட்டான். பட்டியலைக் காட்டினான். பூட்டியது தான்தான் என்பதை மறைக்கவில்லை. பூரணி சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னான். நிப்லா கத்துவாள், போனைத் தூக்கி அடிப்பாள் என்றுதான் எதிர்பார்த்தான். அவளோ அந்த ஆறு வரிகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள்.

“நான் நித்திரை கொள்ளல்ல வாப்பா,” என்றாள். “உம்மா எடுப்பா எண்டு பகல் முழுக்கப் போனைக் கையிலதான் வச்சிருந்தனான்.”