இரண்டடி வைக்கும் விருந்தாளி

சங்கனாபுரத்தில் கூடைப்பந்து ஆடுபவன் நடுவரைப் பார்த்துக் கத்தினால், அவனுடைய கோபம் அவன் உருவத்திலேயே, அதே பனியனும் அதே எண்ணுமாக, அவனை விட்டு இறங்கி ஆடுகளத்தில் நிற்கும். நடுவர் முகத்தில் எதையும் காட்டாமல், "கேட்டேன். ஆட்டம் தொடரட்டும்" என்று ஒரு முறை சொல்ல வேண்டும். சொன்னால், அது உரியவனுக்குள் திரும்பிவிடும். வாதாடினாலோ சிரித்தாலோ நடுவரின் வீட்டுக்குப் போய்விடும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும் என்பாரும் உண்டு. அது மேலத்தெரு வழக்கம்.

சந்தியாகு இருபத்திரண்டு ஆண்டுகளாக நடுவர். ஒரு கோபம்கூட அவர் வாசலை மிதித்ததில்லை. அரையிறுதியில், ஒன்பதாம் எண் கோமதிநாயகம் பந்தைத் தட்டாமல் மூன்றடி நடந்தான் என்று விசில் ஊதினார். இரண்டடி வரை பிழையில்லை.

"ரெண்டடி சார்! ரெண்டே அடி! கண்ண வீட்டுல காயப் போட்டுட்டு வந்தியளா?"

சந்தியாகு சிரித்துவிட்டார்.

அன்று மாலை கோபம் அவர் பின்னாலேயே வந்து, வாசலில் காலணியைக் கழற்றி வைத்தது. மனைவி அமலோற்பவம் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

"ஒன்பதாம் நம்பர் தம்பியா? கொழம்பு ஊத்தவா?"

அது தட்டை நீட்டியது. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உலவியது. இரண்டடி வைக்கும், நிற்கும், சந்தியாகுவின் முகத்தைப் பார்க்கும். மறுபடியும் இரண்டடி.

வியாழக்கிழமை கோமதிநாயகம் வந்தான். முகம் பால்போல் சாந்தமாக இருந்தது.

"எதிர்த்து ஆடுறவன் கேட்டா பந்தக் குடுத்துருதேன் சார். பாவமா இருக்கு. ஞாயித்துக்கெழம ஃபைனல். டீமவிட்டுத் தூக்கிருவாவ."

அதையும் புன்னகையோடுதான் சொன்னான். கோபம் அவனை அயலானைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

வீட்டுக்கு வந்த கோபத்திடம் உண்மையைச் சொன்னால்தான் அது புறப்படும். சொன்ன நடுவர் பிறகு விசிலைத் தொடக் கூடாது. சந்தியாகுவுக்கு இரண்டும் தெரியும். ஊதிய கணத்திலேயே அது இரண்டடிதான் என்பதும் தெரியும். சிரிப்பு வந்ததும் அதனால்தான். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ரெண்டடிதான். நான்தான் தப்பா ஊதிட்டேன்."

கோபம் மூன்றாவது அடியை அவனுக்குள் எடுத்து வைத்தது. கோமதிநாயகத்தின் முகம் கறுத்தது.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?" என்று கதவை அறைந்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சந்தியாகு முதன்முறையாகப் பார்வையாளர் படியில் உட்கார்ந்தார். ஆடுகளத்தில் வேறொருவர் விசில் ஊதினார். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிக் கடைசிக் கூடையைப் போட்டான். ஊரே எழுந்து கத்தியது. அந்த இரைச்சலுக்குள் சந்தியாகுவும் கத்தினார், தம்மைப் பார்த்து.

"ஏன்யா சிரிச்ச?"

கேட்டேன் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தார். கூடத்தில் அவருடைய கோடு போட்ட நடுவர் சட்டையும் கழுத்தில் விசிலுமாகச் சந்தியாகு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆணி வெறுமையாக இருந்தது. அமலோற்பவம் வாசலை நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

"வாங்க. ஒங்களுக்குக் கொழம்பு ஊத்தவா?"

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இரண்டடி வைத்தார்; நின்றார்.