சாயக்கை

தையல்நாயகிக்குக் கோபம் வந்தால் பிள்ளையார்பாளையத்தில் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். கேட்டால் கேட்கட்டுமே. கத்த வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறவர்களால்தான் பாதிப் பெண்பிள்ளைகள் பாடை ஏறுகிறார்கள்.

அன்றைக்கு அவள் தங்கை கலாவதிக்கு வளைகாப்பு. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வளையல் தட்டும் சர்க்கரைப் பொங்கலுமாகத் தையல்நாயகி தங்கையின் புகுந்த வீட்டுக்குள் நுழைந்தாள். கலாவதியை மணையில் உட்கார்த்தி, முகம் முழுக்க மஞ்சளையும் சந்தனத்தையும் அப்பியிருந்தார்கள். அதற்கு அடியில் இருப்பது என்ன நிறமென்று அந்த ஏகாம்பரநாதருக்குத்தான் வெளிச்சம். கைகள் மட்டும் மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று இருந்தன.

அந்த வீட்டில் ஆண்கள் தறியில் உட்காருவார்கள். பட்டுக்குச் சாயம் போடுவது பெண்களின் வேலை. கொதிக்கிற அண்டாவில் நூலை முக்கிப் புரட்டிப் பிழிய வேண்டும். கூறைப்புடவைக்குச் சிவப்புத்தானே? அதனால் வீட்டுப் பெண்களின் உள்ளங்கையும் நகமும் வருஷம் பூராவும் சிவந்தே கிடக்கும். எந்தச் சீயக்காய்க்கும் போகாது.

"எங்க ஊட்டுப் பொம்பளைங்க கையப் பாரும்மா," என்று மாமியார் பொன்னியம்மாள் வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "ஒடம்புல ரத்தம் இருந்தாத்தான் கையில சாயம் புடிக்கும். சோகை கீகை எல்லாம் இந்த ஊட்டுப் பக்கம் எட்டியே பாக்காது."

இது பொன்னியம்மாள் கண்டுபிடித்த சாஸ்திரம் இல்லை. அவளுடைய மாமியார் சொன்னது, அவளுக்கு அவள் மாமியார் சொன்னது. போன மாசம் கலாவதி பாதி நூல் பிழிவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதும், பொன்னியம்மாள் அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ செவப்பு புடிச்சிக்கினு இருக்குது, உனக்கு இன்னாடி கேடு? சோம்பேறித்தனம்," என்று சொல்லிவிட்டாள். அதோடு வைத்தியம் முடிந்தது.

தையல்நாயகி ஒரு வாய் பொங்கலைத் தங்கைக்கு ஊட்டப் போனாள். கலாவதி வாயைத் திறந்தாள். நாக்கைப் பார்த்ததும் தையல்நாயகியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சாயம் போடாத பட்டு மாதிரி வெள்ளை.

"பொங்கல் வாணாங்க்கா," என்று கலாவதி காதோரம் கிசுகிசுத்தாள். "ஒரு புடி பச்சரிசி இருந்தா குடேன். அத்த அரிசிப் பானைய உள்ள வச்சிப் பூட்டிட்டாங்க."

அதைக் கேட்டுவிட்ட பொன்னியம்மாள் விடுவாளா? "நீயே சொல்லும்மா. மருமவ அரிசியத் திருடித் திங்குறா. அரிசி கெடைக்கலன்னா தறிக்குழி மண்ணச் சொரண்டித் திங்குறா. வெளிய சொன்னா வெக்கக்கேடு."

ஆரத்தி எடுக்க எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தவள் நிற்கவில்லை, வளையல் நொறுங்கச் சரிந்து விழுந்தாள்.

"ஜட்கா கூப்புடு தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்று தையல்நாயகி கலாவதியின் புருஷன் குமாரவேலைப் பார்த்துக் கத்தினாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"மணையில உக்காந்தவள ஆரத்தி எடுக்காம வாசப்படி தாண்ட உடறதா? அபசகுனம்," என்றாள் பொன்னியம்மாள்.

"செத்துப்போனா அது இன்னா சகுனம் அத்த?"

ஜட்கா வந்தது. பொன்னியம்மாளும் குமாரவேலும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தச் சிவந்த கைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டைவிரலால் கலாவதியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். வீங்கிய காலை அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார்.

"பச்சரிசி, மண்ணு இதெல்லாம் திங்கணும்னு தோணுதாம்மா?"

கலாவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெட்கப்படாதே. அது திருட்டுப் புத்தி இல்ல, நோய். ரத்தத்துல இரும்புச்சத்து கொறஞ்சா அப்படித்தான் தோணும்." வந்த முடிவைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. "இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. இப்படியே விட்டா பிரசவத்துல கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்க மாட்டா. மாத்திரை தரேன், ஆனா அது மெதுவாத்தான் வேலை செய்யும். இப்ப உடனே ரத்தம் ஏத்தணும். யார் குடுக்கறீங்க?"

தையல்நாயகிதான் முதலில் கையை நீட்டினாள். பால் கொடுக்கிறவளிடம் எடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார். எல்லோரும் குமாரவேலைப் பார்த்தார்கள்.

"ரத்தம் குடுத்தா தறி மிதிக்கக் காலு நிக்காதுன்னு சொல்றாங்க…" என்று அவன் இழுத்தான்.

"எம் புள்ளய உட்டுடுங்கம்மா," என்று பொன்னியம்மாள் மூச்சிரைக்கப் பாய்ந்து முன்னால் வந்தாள். "எங்கிட்ட எடுங்க. எவ்ளோ வேணுமோ எடுங்க." சாயமேறிய இரண்டு கைகளையும் நீட்டினாள்.

டாக்டரம்மா அவளுடைய இமையையும் இழுத்துப் பார்த்தார். நாக்கையும் நீட்டச் சொன்னார்.

"உங்கிட்ட ரத்தம் எங்கம்மா இருக்குது? உனக்கே ஏத்தணும் போல இருக்கே. எத்தனை வருஷமா இப்படி மூச்சு வாங்குது?"

"கையி செவப்பா இருக்குதேம்மா," என்றாள் பொன்னியம்மாள். நீட்டிய கைகளைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பொன்னியம்மாளுக்கென்று தையல்நாயகி வண்டியில் வரும்போதே பொறுக்கி வைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையை வழித்துத் தின்றே முப்பது வருஷம் அண்டாவோடு நின்றவளை இன்னும் என்ன சொல்லித் திட்டுவது? ஆனால் கோபம் எங்கே போகும்? அது குமாரவேல் பக்கம் திரும்பியது.

"அந்த ஊட்ல மொதப் பந்தியில உக்கார்றது ஆம்பளைங்கதான் தம்பி. சூடா, வயிறு ரொம்ப. உம் பொண்டாட்டி ரத்தமும் உங்கம்மா ரத்தமும் உன் ஒடம்புலதான் ஓடிக்கினு இருக்குது. அதுல கொஞ்சம் திருப்பிக் குடு."

குமாரவேல் பழக்கம் விடாமல் அம்மாவைப் பார்த்தான். பொன்னியம்மாள் தன் கைகளை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போடா," என்றாள். "உள்ள போயிப் படு."