அர்ஜுனனின் மெசின்

சுங்கை பினாங் ஃபிளாட்டில் ஆறாவது மாடிக் கதவைத் தட்டியபோது டெஸ்மண்டுக்குப் பயமாக இல்லை. பயமாக இருந்திருக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. லிஃப்ட் ஓடாததால் படியேறி வந்திருந்தான். மூச்சு வாங்கியது. அது நிற்கட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் தட்டிவிட்டான்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். கையில் பாதி மடித்த துண்டு.

"யாரு?"

"என் பேரு டெஸ்மண்ட். டத்தோ கிராமாட்ல இருக்கேன். ஜுருவுல அன்னைக்கு அந்த லோரி..." நிறுத்தி, நேராகச் சொன்னான். "லோரிய ஓட்டுனது நான்தான்."

அவள் பெயர் தனுஜா என்பது போலீஸ் அறிக்கையில் இருந்தது. அவளுடைய கணவன் அர்ஜுனன், புல் வெட்டும் வேலைக்காரன், தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டிப் போய் ஜுருவில் இரண்டு தொழிற்சாலைகளின் வெளிப்புறப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொழிற்சாலைப் பக்கம் திரும்பும் வளைவில் மோட்டார் மணலில் சறுக்கியது. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த லோரியின் பின் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டான். பின்னால் வந்த காரின் கேமராவில் எல்லாமே பதிவாகியிருந்தது. டெஸ்மண்ட் மேல் தப்பில்லை என்று போலீஸ் எழுதிக் கேஸை மூடியது. தப்பில்லை என்று கம்பெனியும் சொன்னது, சர்ச்சில் பாதரும் சொன்னார். மனைவி நவோமி காலையில் கிளினிக் வேலைக்குக் கிளம்பும்போதும் சொல்வாள், சாயங்காலம் வந்ததும் சொல்வாள். அதையெல்லாம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் லீவு கொடுத்தார்கள். அது முடிந்தும் அவன் போகவில்லை.

தனுஜா அவனைப் பார்த்தாள். கத்துவாள், கதவை மூடுவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"தெரியல. வரணும்னு தோணுச்சு."

"வந்தாச்சுல்ல."

"ம்."

கதவுக்கு வெளியே, நடைபாதைச் சுவரோரம், நீளமாக ஒரு புல் வெட்டும் மெசின் கிடந்தது. தண்டு வளைந்திருந்தது. எஞ்சின் மூடி நொறுங்கி, பிளேடைச் சுற்றிப் புல் பழுப்பாகக் காய்ந்து இறுகியிருந்தது. கைப்பிடியில் போலீஸ் கட்டிய அட்டை இன்னும் தொங்கியது. அவன் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"போலீஸ் பாலாய்லேர்ந்து கொண்டாந்து போட்டுட்டுப் போனாங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் தடுக்கி விழுறாங்க. என்னால தூக்க முடியல. நீங்க எடுத்துட்டுப் போயிருங்க."

"எங்க கொண்டு போக?"

"எங்கயோ. குப்பையில போட்டாலும் சரி."

அவன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆறு மாடி இறங்கினான். இவ்வளவு நீளத்தைப் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள். வெயிலில் டத்தோ கிராமாட் வரை நடந்தான். தனுஜாவின் ஃபிளாட்டுக்குக் கீழேயே பெரிய குப்பைத்தொட்டி இருந்தது. அதைத் தாண்டும்போது அவன் கால் நிற்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் எஞ்சின் மேல் உட்கார்ந்து பிழைத்தவன். ஆனாலும் ஒரு எஞ்சினின் உள்ளே அவன் எட்டிப் பார்த்ததில்லை. லோரி நின்றால் ஃபோன் அடிப்பான், மெக்கானிக் வருவான். இப்போது வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், பழைய செய்தித்தாளை விரித்து மெசினை வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். எந்தத் திருகை முதலில் கழற்றுவது என்றே தெரியவில்லை. கைப்பேசியில் தேடினான். கெடாவிலோ எங்கோ ஒரு மலாய்க்காரர் இதே மாதிரி மெசினை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். அவர் ஒரு திருகைக் கழற்றினால் டெஸ்மண்ட் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு திருகைக் கழற்றுவான். கழற்றியதையெல்லாம் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டான். மூன்று நாள் இப்படிப் போனது. அந்த மூன்று நாளும் வேறெதையும் நினைக்கவில்லை என்பது நான்காவது நாள்தான் உறைத்தது. அதில் ஆறுதலும் இல்லை. வெறுமனே நேரம் போயிருந்தது.

கயிறு இழுக்கும் பகுதியைத் திறந்தபோது உள்ளே சுருண்டிருந்த ஸ்பிரிங் விடுபட்டுச் சாட்டைபோல் அடித்து உள்ளங்கையைக் கிழித்தது. செய்தித்தாளில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நவோமி குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்தவள் கண்ணாடித் தம்ளரைக் கீழே போட்டாள்.

"கையப் பாருங்க! வலிக்கலயா உங்களுக்கு?"

"வலிக்கும் போல."

அவள் துணியால் இறுக்கிக் கட்டினாள். "அந்தச் சனியன தூக்கிப் போடுங்க. ஏன் இத வச்சிக்கிட்டு உசுர வாங்குறீங்க?"

அவன் மறு கையால் ஸ்பிரிங்கை எடுத்து முட்டை அட்டையில் போட்டான். அவள் அதைப் பார்த்துவிட்டு, தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்பிரிங் உடைந்துபோனதால் உதிரிச் சாமான் கடைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு தெரு தள்ளி ஷேக் அலாவுதீன் வைத்திருந்தார். சைக்கிள் செயினிலிருந்து ஜெனரேட்டர் வரை எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். அவர் உடைந்த ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெசின் உங்களோடதா?"

"இல்ல."

"ஓடாம எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"அப்ப டேங்குல கெடக்குற பெட்ரோல் எண்ணெய் கெட்டுப் போயிருக்கும். கீழ ஊத்திருங்க. கார்பரேட்டர்ல ஊசி மொன அளவு ஓட்ட ஒண்ணு இருக்கும், அது அடச்சிருக்கும். ஆனா அதத் தொடுறதுக்கு முன்ன பிளக்ல நெருப்பு வருதான்னு பாருங்க. நெருப்பே இல்லன்னா மத்தது எல்லாம் வீண் வேல லா."

நெருப்பு வந்தது. புது ஸ்பிரிங்கைப் போட்டு, பிளக்கைக் கழற்றி எஞ்சின் உலோகத்தோடு ஒட்டிப் பிடித்துக் கயிற்றை இழுத்தபோது, அதன் நுனியில் நீலமாக ஒன்று தெறித்தது. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. நவோமியின் குடையை விரித்து அதன் நிழலில் மறுபடி இழுத்துப் பார்த்துத்தான் கண்டான். கார்பரேட்டரின் சின்ன ஓட்டையை ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தான். தண்டை நிமிர்த்த முடியவில்லை. ஷேக் பழைய மெசின் ஒன்றிலிருந்து வேறு தண்டு கழற்றிக் கொடுத்தார். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாற்பது மில்லி டூ-டி எஞ்சின் எண்ணெய் என்று கலந்து ஊற்றி, கயிற்றை இழுத்தான். இருபது தடவைக்கு மேல் இழுத்தான். சட்டென்று பிடித்துக்கொண்டு, யாரோ தொண்டையை நெரிப்பதுபோல் உச்சத்தில் அலறி, நான்கைந்து நொடியில் செத்துவிட்டது.

அதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு காகிதத் தகடு இருந்திருக்கிறது. கழற்றும்போது கிழிந்துபோனதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எறிந்திருந்தான். அந்த இடைவெளியில் வேண்டாத காற்று புகுந்திருக்கிறது. கடையில் வாங்கிய தடித்த காகிதத்தை எஞ்சின் முகத்தில் வைத்து, விரலால் அழுத்தி, விளிம்பின் தடம் பதித்து, நவோமியின் தையல் கத்தரியால் வெட்டினான். முதலாவது கோணலாகிவிட்டது. மூன்றாவது பொருந்தியது.

மறுநாள் காலை மெசின் ஓடியது. புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளுக்கு மேலே போனது. டெஸ்மண்ட் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். தோள்பட்டை வாரில் இன்னொருவனின் வேர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. இது ஓடுகிற அன்றைக்குத் தனக்குள் ஏதாவது நடக்கும் என்று அவன் தன்னை அறியாமலே எதிர்பார்த்திருந்தான் போலும். அழுகையோ, பாரம் இறங்குவதோ, ஏதாவது. அப்படி ஒன்றும் வரவில்லை. மெசின் ஓடியது. சுவிட்சை அணைத்தான். நின்றது.

டேங்கின் மேல் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி எண்ணெய் கலக்கும் அளவை எழுதினான். கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே தன் ஃபோன் நம்பரையும் எழுதினான்.

இந்தத் தடவை கதவைத் திறந்தது ஓர் ஆண். அர்ஜுனனின் தம்பி கோகிலன். தனுஜா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அவருதான்" என்றாள். கோகிலன் டெஸ்மண்டைப் பார்த்தான், அப்புறம் மெசினைப் பார்த்தான்.

"என்னா இது?"

"ரிப்பேர் பண்ணிட்டேன். ஓடுது."

"எங்கண்ணன கொன்னுட்டு மெசின ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்தியா?"

"ஆமா" என்றான் டெஸ்மண்ட். மறுக்கத் தோன்றவில்லை.

கோகிலன் அவன் சட்டையைப் பிடித்தான். நடைபாதையில் இரண்டு கதவுகள் திறந்தன. டெஸ்மண்ட் கையைத் தூக்கவில்லை. அடிப்பான் என்றால் அடிக்கட்டும் என்றுகூட நினைக்கவில்லை. தன் சட்டையின் இரண்டாவது பொத்தான் அறுந்து உருண்டு போவதைத்தான் பார்த்தான்.

"கோகிலா, விடு" என்றாள் தனுஜா. குரலை உயர்த்தவில்லை.

கோகிலன் விட்டான். மூச்சு இரைத்தது. "ஓடுதுன்னு சொல்ற. வா கீழ. ஓட்டிக் காட்டு."

மூவரும் கீழே இறங்கினார்கள். மோட்டார்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் டெஸ்மண்ட் மெசினைத் தரையில் வைத்து, இரண்டு தடவை இழுத்தான். இரண்டாவதில் பிடித்தது. முதலில் திணறி, பிறகு சீரான இரைச்சல். கோகிலன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போய்த் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். எஞ்சின் சத்தத்தில் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. தனுஜா அழவில்லை. அவள் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் தன்னைப் போலத்தான் என்று டெஸ்மண்டுக்குத் தோன்றியது.

அணைத்தான். கோகிலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மெசினைத் தூக்கித் தோளில் போட்டு, படியேறிப் போனான். தனுஜா அவன் பின்னால் போனாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது.

"மெசின் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." தனுஜாவின் குரல். பெயரும் சொல்லவில்லை, வணக்கமும் சொல்லவில்லை.

"யாரு ஓட்டுறா?"

"நான்தான். ஜுரு வேலய வேற ஆளு எடுத்துக்கிட்டான். எங்க ஃபிளாட்டுக்குப் பக்கத்துக் கோயில்ல மட்டும் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க, மாசம் ரெண்டு தடவ வெட்டணுமாம். எனக்கு சனிக்கிழம ஃபேக்டரி லீவு. போன தடவ ஓடுச்சு. இன்னைக்கு இழுத்து இழுத்து கை போச்சு."

"பெட்ரோல் வாசம் அடிக்குதாம்மா?"

"ரொம்ப."

"சோக்க மூடி வச்சிட்டு நெறய இழுத்துட்டீங்க. உள்ள எண்ணெய் ரொம்பிருச்சு. டேங்குக்குக் கீழ இருக்குற பெட்ரோல் திருகாணிய மூடுங்க. சோக்க தொறந்து விடுங்க. பிளக்க கழட்டுங்க, பிளக் கழட்டுற சாவி..."

"இருக்கு. அவரோட பையிலயே இருக்கு."

சற்று நேரம் இரும்பு உரசும் சத்தம் மட்டும் வந்தது. டெஸ்மண்ட் சமையலறையில் நின்றிருந்தான். நவோமி அடுப்பில் எதையோ கிளறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"கழட்டிட்டேன். ஈரமா இருக்கு."

"துணியில தொடைங்க. பிளக் இல்லாமயே பத்து தடவ இழுங்க. ஓட்ட வழியா எண்ணெய் தெறிக்கும், முகத்த தள்ளி வைங்க."

அவள் இழுப்பதை எண்ணினான். பத்து. கொஞ்ச நேரம் காய விடச் சொன்னான். பிளக்கை முதலில் கையாலேயே திருகி, கடைசியில் மட்டும் சாவியால் இறுக்கச் சொன்னான். திருகாணியைத் திறந்துவிட்டு இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. ஃபோனை அணைக்க மறந்து பையில் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. எஞ்சின் ஏறுவதும், புல்லில் பட்டதும் குரல் தாழ்வதும், மறுபடி ஏறுவதும் அவன் காதில் விழுந்தன.

"யாருங்க?" என்றாள் நவோமி.

"அந்த வீட்டு அம்மா. புல்லு வெட்டுறாங்க."

நவோமி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் ஃபோனை இருவருக்கும் நடுவே பிடித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கண் காய்ந்துதான் இருந்தது. திடீரென்று பிளேடில் 'டங்' என்று ஒரு சத்தம். கல் தெறித்திருக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கண்ணாடி போட்டிருக்காங்களான்னு கேக்கல" என்றான்.

"என்ன?"

"கண்ணுக்குக் கண்ணாடி. கல்லு தெறிக்கும் நவோமி. கண்ணு போயிரும்." ஃபோனில், "ஏம்மா! ஏம்மா!" என்று கத்தினான். எஞ்சின்தான் பதில் சொன்னது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான். ஷேக் அப்போதுதான் கடைக் கதவை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். பாதி திறந்த கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடி ஒன்றை அவனே பறித்துக்கொண்டான். "அப்புறம் வந்து சொல்றேன்" என்றான். கோயில் பதினைந்து நிமிட நடை. அவன் ஏழெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தான். நெஞ்சு உதைத்துக்கொண்டது. விபத்துக்குப் பிறகு தன் நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதே இல்லை என்பது அப்போது அவனுக்கு நினைவில் இல்லை.

கோயிலின் பின்பக்கம் பாதி வெட்டியிருந்தாள். அர்ஜுனனின் நீளக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு. கண்ணில் ஒன்றும் இல்லை. டெஸ்மண்ட் தூரத்திலேயே இரண்டு கையையும் ஆட்டினான். அவள் எஞ்சினை அணைத்தாள்.

அவன் கண்ணாடியை நீட்டினான். பேச மூச்சு இல்லை.

தனுஜா அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவனை, வேர்வை வழியும் அவன் முகத்தைப் பார்த்தாள். "அவரும் போட மாட்டாரு" என்றாள். "சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

"நீங்க போடுங்க."

போட்டுக்கொண்டாள். கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்துப் பிடிக்கவைத்தாள். டெஸ்மண்ட் சுவரோரம் சாய்த்திருந்த வாரியலை எடுத்து, அவள் வெட்டிப்போட்ட புல்லை ஒரு மூலையிலிருந்து குவிக்கத் தொடங்கினான். பதினொரு மணிக்குப் பின்பக்கம் முழுவதும் வெட்டி, குவித்து முடிந்திருந்தது.