வெள்ளைக் கார் கிளம்பும்வரை

ஐந்து மணிக்கு வகுப்புகள் முடிந்துவிடும். அதற்கு மேல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையில் எவருக்கும் ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். துறைத்தலைவரின் வெள்ளைக் கார் வாசலைத் தாண்டும்வரை எல்லோரும் நாற்காலியில் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். எழுதிவைத்த விதியாக இருந்தால் யாராவது எதிர்த்து ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். இது எழுதாத விதி பாருங்கள், அதனால் ஒருவரும் மீறுவதில்லை.

ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் உட்காருகிறவருக்கு ஜன்னல் சார் என்றே பெயர். கண்கொத்திப் பாம்பாகக் கீழே காரைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் பொறுப்பு. கார் கிளம்பியதும் ஒரு தரம் செருமுவார். அவ்வளவுதான், அதுவரை ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த அறையில் பைகளை மூடும் சத்தம் மட்டும் கேட்கும்.

போன வருஷம் புள்ளியியல் சார் பல்வலி தாங்காமல் செருமலுக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். தலைவர் ஒன்றுமே சொல்லவில்லை, தங்கமான மனுஷன். அடுத்த வாரம் புது அட்டவணை வந்தது. புள்ளியியல் சாருக்குத் தினமும் காலையில் முதல் வகுப்பு, மாலையில் கடைசி வகுப்பு, நடுவில் முழு ஓய்வு. பல்லுக்கு நல்லதுதானே.

நம் மேடத்தின் மேசையும் இந்த அறையில்தான். அவள் முனைவர் பட்டம் வாங்கியது எதில் தெரியுமா? பல்கலைக்கழக ஆசிரியர்களின் மன அழுத்தத்தில். வேலை செய்யும் இடத்தின் சூழல் கெட்டால் தூக்கம் கெடும், பசி கெடும், வீட்டில் எரிந்து விழத் தோன்றும் என்று மாணவர்களுக்கு அழகாகப் பாடம் நடத்துவாள். உதாரணத்துக்கு மட்டும் வெளிநாட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பணி இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தக் காரின் சொந்தக்காரர்.

அன்றைக்கு ஆறு மணிக்கு மகளின் பள்ளியில் நாடகம். மகளுக்கு நீதிபதி வேஷம்.

"இந்தத் தடவையாவது வருவியாம்மா?" என்று காலையில் கேட்டிருந்தாள்.

"கண்டிப்பா வரேன்டா கண்ணு."

போன வருஷமும் இதே கண்டிப்பாதான். ஆண்டுவிழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது போய்ச் சேர்ந்தாள்.

ஐந்து மணி ஆயிற்று. கார் அசையவில்லை. ஐந்தரை ஆயிற்று. ஜன்னல் சாருக்குத் தொண்டையில் ஒன்றும் வரவில்லை.

"என்ன சார், இன்னுமா?"

"ஏதோ முக்கியமான வேலையா இருக்கும் மேடம். அப்படியே நிக்குது."

'கிளம்பிட்டியா?' என்று கணவனிடமிருந்து செய்தி வந்தது. 'இதோ' என்று அனுப்பினாள். எழுந்தாள், புள்ளியியல் சார் கன்னத்தைத் தடவிக்கொள்வதைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஆறும் தாண்டிய பிறகு, வருவது வரட்டும் என்று கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனாள். தலைவரின் அறை பூட்டியிருந்தது. துப்புரவு அம்மா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாரா? அவரு மூணு மணிக்கே போய்ட்டாரேம்மா. பேட்டரி போச்சாம், வண்டி கிளம்பல. டாக்ஸி பிடிச்சுப் போனாரு."

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே ஓடி வந்து சொன்னாள். அறையில் படித்தவர்கள் அத்தனை பேர், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "ஒருவேளை வண்டிய எடுக்கத் திரும்பி வந்தாருன்னா?" என்றார் ஜன்னல் சார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பள்ளி வாசலில் கணவனும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். மகளின் ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கியது.

"நல்லா பண்ணினியா கண்ணு?"

"'எல்லாரும் வந்தாச்சா?'ன்னு நான்தான் முதல்ல கேக்கணும். உன் சீட்டப் பாத்தேன். அப்பா பைய வச்சிருந்தாரு. கேக்காமலே விட்டுட்டேன்."

மகள் திட்டியிருந்தால்கூட மேடம் தாங்கியிருப்பாள்.

மறுநாள் காலை தலைவர் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"வாட்ச்மேன் சொன்னாரு. நேத்து நான் போன பிறகும் இங்க லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சாமே. உச்சி குளிர்ந்துபோச்சு. இப்படி உழைக்கிறீங்க, உங்க மனசையும் பாக்கணும் இல்லையா? அதனால இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஒரு கூட்டம். மன அழுத்தத்தைக் குறைக்கிறது எப்படி? எல்லாரும் கட்டாயம் வரணும். மேடம் பேசுவாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். புள்ளியியல் சார்தான் பலமாகத் தட்டினார்.

ஐந்து மணிக்கு மேடம் பையை மூடினாள். அறையே திரும்பிப் பார்த்தது.

"மேடம், கூட்டம் அந்தப் பக்கம்," என்றார் ஜன்னல் சார். "வண்டியும் நிக்குது."

"நிக்கட்டும் சார்."

வீட்டுக் கூடத்தில் மகள் அப்பாவின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். மீசையைப் பசை வைத்து ஒட்டியாயிற்று. மேடம் முன்வரிசையில், அதாவது தரையில், உட்கார்ந்தாள். அப்போது போன் அடித்தது.

"மேடம், எல்லாரும் உக்காந்திருக்கோம்," ஜன்னல் சார் குரலை அடக்கிக் கேட்டார். "சார் கேக்கிறாரு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கோர்ட்ல இருக்கேன் சார்."

நாளைக்குப் புது அட்டவணை வரும் என்று அவளுக்குத் தெரியும். கையெழுத்தும் தள்ளிப்போகும். ஆனாலும் போனை அணைத்துத் தள்ளி வைத்தாள்.

நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றாள் மேடம்.