சிக்ஸ்டன் பெயர் போட்ட ஐகான்

மாங்குயில் கூவியதைப் பதிவு செய்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சிக்ஸ்டன் மூச்சிரைக்க வந்தபோது, எங்கள் பறவை நிலையத்தில் யாருமே இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இந்தத் தீவில் மாங்குயிலா? போன வருஷம் அவர் கழுகு என்று கைகாட்டியது யாரோ விட்ட பட்டம்.

"போட்டுக் காட்டு" என்றாள் நிலையத் தலைவி மாய்கென்.

நிலையத்துக்கு ஒரே மடிக்கணினி, ஆளுக்கொரு பென் டிரைவ். யாரும் தேடித் திண்டாடக் கூடாதென்று மாய்கென் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, அவரவர் டிரைவுக்குத் திரையில் ஒரு ஷார்ட்கட் ஐகான் செய்து பெயரும் போட்டிருந்தாள். அதில் அவளுக்கு அநியாயப் பெருமை.

சிக்ஸ்டன் டிரைவைச் செருகித் தன் பெயரைத் தட்டினார். உள்ளே முழுக்க இலவங்கப்பட்டை பன் படங்கள்.

"இதுதான் உன் மாங்குயிலா?"

"சத்தியமா இருந்துச்சு மாய்கென், காலையில கேட்டேன்!"

"கதை விடாத. பொய் சொல்றவன நம்பிப் பறவைக் கணக்கெடுக்க முடியாது. ஞாயித்துக்கிழமை நீ வரவேணாம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. அந்தக் கணக்கெடுப்பை விட்டால் மனுஷருக்கு வேறு போக்கிடம் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் முட்டைகூட வேகவைக்கத் தெரியாதவரிடம் இத்தனை பன் ஏது? அதுதான் என்னைக் குடைந்தது.

என் பெயரைத் தட்டினேன். அதே பன். மாய்கென் பெயரிலும் அதே பன். கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், அவளுடைய டிரைவ் ஏற்கெனவே செருகிக் கிடந்தது.

"மாய்கென், இது உன் அடுப்புல சுட்டதுதானே?"

முதலில் செருகும் டிரைவுக்கு இந்தக் கணினி E என்று எழுத்து வைக்கும். அடுத்ததற்கு F. அவள் ஷார்ட்கட் செய்த அன்று ஒவ்வொருவரும் தனியாகத்தானே செருகினோம்? எல்லாப் பெயரும் E-க்கே போயின. டிரைவைப் பற்றி அந்த ஐகானுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இன்று E மாய்கெனுடையது, சிக்ஸ்டனுடையது F.

"பன் நல்லாத்தான் வந்திருக்கு" என்று முனகிக்கொண்டே அவள் F-ஐத் திறந்தாள்.

மாங்குயில் கூவியது. தேனாகக் கூவியது! மாய்கென் வாயில் கை வைத்தாள். அடுத்து ஒரு கதவு கிறீச்சிட்டது. அதற்கடுத்து மாய்கெனின் கைப்பேசி மணி அடிக்க, அவள் பையைத் தடவினாள். கைப்பேசி சும்மா இருந்தது.

சிக்ஸ்டன்தான் முதலில் சிரித்தார். எங்கள் கூரையில் கூடு கட்டியிருக்கும் புள்ளி மைனா! காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே திருப்பிப் பாடும் போக்கிரி. பதிவில் முதல் கூவலைக் கேட்டதுமே, மீதியைக் கேட்காமல் மனுஷர் சைக்கிளை மிதித்து ஓடிவந்திருக்கிறார்.

"சரி, மாங்குயில் இல்ல. தப்பாச் சொல்லிட்டேன்" என்றார். "ஆனா பொய் சொல்லலைல்ல?"

மாய்கென் ஆணியில் மாட்டியிருந்த தொலைநோக்கியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தப் பாட்ட அது எங்கயோ கேட்டுத்தானே கத்துக்கிச்சு? வா, தேடுவோம்."